லேபிள் இல்லாத பாட்டில்

"மேடம், இது கேஸா, பழைய பேப்பர் வியாபாரமா?" என்றான் முரளிதரன்.

விசாலாக்ஷியின் மேஜை மேல் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள் கொட்டிக் கிடந்தன. தொண்ணூறுக்குக் குறையாது. ஒவ்வொரு தாளிலும் ஒரு குண்டூசி, ஒவ்வொரு குண்டூசியிலும் அட்டையிலிருந்து கத்தரித்து எடுத்த ஒரே ஒரு காலி மாத்திரைக் கூடு. அத்தனையையும் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தவள் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பெயர் சென்னம்மா, ஊர் ஹனூர்ப் பக்கம். மைசூர் விஜயநகரில் கமலம்மாள் என்ற எழுபத்திரண்டு வயது அம்மாளைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவள்.

அந்த அம்மாள் முந்தாநாள் காலையிலிருந்து ஐ.சி.யூ.வில் கிடக்கிறார். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. ரத்தம் இளக்கும் மாத்திரையை இரண்டு பங்காகக் கொடுத்து அம்மாவைக் கொல்லப் பார்த்தாள் என்று சென்னம்மா மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான் மகன் அபிஜித். இன்று மாலை நான்கு மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் பசவராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் வாங்கப் போகிறார். அங்கிருந்து சென்னம்மா நேராக ஸ்டேஷனுக்குத்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கக்கா. தாளு ஒண்ணு கிழிச்சா ஒரு நாளு, கூடு ஒண்ணு குத்துனா ஒரு மாத்தரை. அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க. ஒருக்கா மறந்து போச்சு, அடுத்த நாளு சேர்த்து ரெண்டாக் குடுக்கட்டுமான்னேன். அப்படி மட்டும் செஞ்சுராதேன்னு அம்மா கத்துனாங்க."

விசாலாக்ஷி அந்தத் தாளைத் தேடி எடுத்தாள். குண்டூசி இருந்தது, கூடு இல்லை. தப்பைக்கூட நேர்மையாகக் குத்தி வைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, அக்ரஹாரத்தில் ஒரு பழக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கும் விசாலாக்ஷி, இவ்வளவு சுத்தமான ரிக்கார்டைப் படித்தவர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

"கூடுங்களை எண்ணினா கணக்கு சரியா வரும். ஆனா இவ வேற கடையில தனியா வாங்கிக் குடுத்தாள்னு மகன் சொல்வானே," என்றான் முரளிதரன். பதினெட்டு வருஷம் மெடிக்கல் ரெப்பாக டாக்டர்களின் வாசலில் நின்றவன். வேலை போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. "அது மட்டுமில்ல, இதைப் பாருங்க. நம்ம ஆளு வேகத்தை."

போனை நீட்டினான். விஜயநகர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சென்னம்மாவின் போட்டோ. 'இந்தப் பெண்ணை யாரும் வீட்டில் சேர்க்காதீர்கள், என் தாயைக் கொல்லப் பார்த்தவள்.' போட்டவன் அபிஜித். நேரம், காலை எட்டு பத்து. கமலம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஏழரைக்கு.

சீ என்று வந்தது விசாலாக்ஷிக்கு. உள்ளே பெற்றவள் ரத்த வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். இவன் வெளியே நின்று நல்ல போட்டோவாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அம்மா பொழச்சுக்குவாங்களாக்கா? என்னைய ஜெயில்ல போட்டாலும் பரவால்லீங்க, அவங்க..." சென்னம்மா விசாலாக்ஷியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் கையை விட்டதும் விசாலாக்ஷி தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். சுருக்கென்று ஏறியது வாசனை.

"முரளி, இங்க வா. மோந்து பாரு."

"கல்யாணமான ஆம்பளைகிட்ட என்ன மேடம் இப்படி?" என்று சொல்லிக்கொண்டே குனிந்தவன், சட்டென்று நிமிர்ந்தான். முகத்தில் விளையாட்டு இல்லை. "விண்டர்கிரீன் தைலம். ஊட்டிக்குப் போறவன் எல்லாம் ஒரு பாட்டில் வாங்கிட்டு வருவானே, அது."

"அம்மா முட்டிக்குத் தேய்ச்சதுங்க. பத்துப் பன்னெண்டு நாளாத் தேய்க்கறேன். கையிலிருந்து போகவே மாட்டேங்குது," என்றாள் சென்னம்மா.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு தடவைங்க. அம்மாவுக்கு இதமா இருக்குன்னா மூணு. காலு முழுக்க ஊத்தித் தேய்ப்பேன். அபிஜித் தம்பிதான் குடுத்தாரு."

"வேற மருந்து ஏதாவது குடுத்தாங்களான்னு டாக்டர் உன்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இல்லேன்னேன். இது மருந்தில்லீங்களேக்கா. எண்ணெய்தானுங்களே."

முரளிதரன் அதற்குள் ஐ.சி.யூ. டாக்டர் சௌம்யாவை போனில் பிடித்துவிட்டான். ரெப்பாக இருந்த காலத்துப் பழக்கம். டாக்டர் பேசியதை அவன் ஸ்பீக்கரில் போட்டான். கமலம்மாளின் இதயத்தில் இருப்பது உலோக வால்வு. ரத்தம் அதில் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, பதினான்கு வருஷமாக. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்க வேண்டிய எண், இப்போது ஒன்பதைத் தாண்டியிருக்கிறது. அதை ஒரேயடியாக இறக்கவும் பயம், வால்வு அடைத்துக்கொள்ளும். காரணம் தெரியாமல் இரண்டு நாளாகக் கம்பி மேல் நடந்துகொண்டிருக்கிறாராம்.

"தைலமா? மகனை மூணு தடவை கேட்டேன். மாத்திரை, கஷாயம், தைலம் எதுவுமே இல்லைன்னாரே!" என்றார் டாக்டர். "உடனே காலைக் கழுவச் சொல்றேன். தேங்க்ஸ் முரளி."

போனை வைத்ததும் முரளிதரன் பெருமூச்சு விட்டான். "அந்தத் தைலத்துல இருக்கறது ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மேடம். தோல் வழியா உள்ள போயி, ரத்தம் இளக்கற மாத்திரைக்கு வேகம் கூட்டிடும். எல்லாரும் வாயையே பார்த்துட்டிருந்தோம், அவன் முட்டி வழியா போயிட்டான். சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல. தடவின கை யாரோட கை?"

இருவரும் சென்னம்மாவின் கைகளைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"நானாக்கா?" என்றாள் மெல்ல.

விசாலாக்ஷி அவளை ஆஸ்பத்திரியில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, முரளிதரனின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

விஜயநகர் வீட்டுக் கதவைத் திறந்தது அபிஜித்தேதான். நாற்பது வயது, இஸ்திரி கலையாத குர்தா, நெற்றியில் அளவாகக் கீற்றுச் சந்தனம். தாய் ஐ.சி.யூ.வில் இருக்கும் வீட்டில் பார்சல் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேடம் இன்ஷூரன்ஸ்ல இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். உங்க அம்மா விஷயமா ரெண்டு வார்த்தை கேட்கணும்," என்றான் முரளிதரன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"ஓ, க்ளெய்மா? பன்னி, பன்னி, உள்ள வாங்க," என்று கன்னடமும் தமிழுமாக வரவேற்று மலர்ந்தான் அபிஜித். "அம்மாதான் எனக்கு எல்லாமே மேடம். ஆக்சுவலி நான் தூங்கி ரெண்டு நாள் ஆச்சு. அந்தப் பொம்பளையைச் சும்மா விடமாட்டேன்."

தூங்காதவனின் கண்கள் பளிச்சென்று இருந்தன. கூடத்து மூலையில் வட்ட விளக்கு பொருத்திய ஒரு ஸ்டாண்ட், அதற்கு எதிரே ஒரு நாற்காலி. கராஜில் ஒரு பையன் டேப் ஒட்டிக்கொண்டிருக்க, அட்டைப் பெட்டிகள் கூரை வரை ஏறியிருந்தன. எல்லாவற்றின் மேலும் 'பாதசுகா மூட்டு வலித் தைலம்' என்று கன்னடத்தில் அச்சடித்திருந்தது.

"நம்ம சொந்தத் தயாரிப்பு," என்றான் அபிஜித். "மைசூருக்கே நம்பர் ஒன் ஆகப் போகுது."

கமலம்மாளின் அறையில் விசாலாக்ஷி தனியாக நின்றாள். ரயில்வே ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவரின் அறை. ஒரு ஃபைலில் பதினான்கு வருஷத்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், தேதி வாரியாக. பக்கத்தில் ஒரு நோட்டு. 'கீரை: செவ்வாய், வெள்ளி, ஒரு கரண்டி. கூட்டவோ குறைக்கவோ கூடாது.' 'பல் பிடுங்கும் முன் டாக்டர் சௌம்யாவிடம் கேட்டாச்சு.' 'தலைவலி மாத்திரை: கேட்காமல் எதுவும் வேண்டாம்.' மாத்திரைப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்து வருமே, அந்தப் பொடி எழுத்துக் காகிதங்கள், அவற்றைக்கூட அம்மாள் வீசவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, சிவப்புப் பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்தார்.

இவ்வளவு ஜாக்கிரதைக்காரி எப்படி ஏமாந்தார்?

கட்டிலுக்கு அடியில் இருந்தது பதில். முக்கால்வாசி காலியான தைல பாட்டில். லேபிள் இல்லை. ஆனால் கண்ணாடியில் பசை பிசுபிசுத்தது, அதில் பஞ்சு ஒட்டியிருந்தது. லேபிள் இருந்திருக்கிறது, யாரோ உரித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு துண்டு கிடந்தது. அதில் திட்டுத் திட்டாகச் சந்தன நிறக் கறை.

முரளிதரன் கராஜிலிருந்து வந்து துண்டை முகர்ந்தான். "மேக்கப் க்ரீம். இந்த வயசுல அம்மா காலுக்கு மேக்கப் போட்டுக்கிட்டு எந்த ரிசப்ஷனுக்குக் கிளம்பினாங்க?" பிறகு பைக்குள்ளிருந்து ஒரு புது பாட்டிலை எடுத்து நீட்டினான். "ஒண்ணு கேட்டேன், ஃப்ரீயாவே குடுத்தான். பின் பக்கம் பாருங்க மேடம். கடைசி வரி. கொசு படிக்கற சைஸ்ல இருக்கு."

விசாலாக்ஷி கமலம்மாளின் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் படித்தாள். 'ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுவோர் இதை உபயோகிக்கக் கூடாது.'

கூடத்துக்குப் போனாள். இரண்டு பாட்டில்களையும் டீப்பாய் மேல் வைத்தாள்.

அபிஜித் இரண்டையும் பார்த்தான். முகத்தில் ஒரு வினாடி என்னவோ ஓடியது. அடுத்த வினாடி அவன் எழுந்து நின்று கையைத் தட்டினான்.

"அப்படியா சமாச்சாரம்! தைலத்தைத் தடவிட்டாளா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மேடம், அம்மா மேல இதைத் தொடாதேன்னு. கராஜ்ல இருந்து அவளே எடுத்திருக்கா! லேபிளையும் அவளே கிழிச்சிருக்கா. மாத்திரையால இல்ல, தைலத்தால கொல்லப் பார்த்திருக்கா! இன்ஸ்பெக்டர்கிட்ட இதையும் சேர்த்துச் சொல்லிடறேன்."

ஆதாரம் என்று கொண்டுவந்து வைத்ததை, இவன் அவர்கள் கண்ணெதிரிலேயே எடுத்துச் சென்னம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டான். பேச்சு சாமர்த்தியமாகத்தான் இருந்தது. அதனாலேயே இன்னும் அருவருப்பாக இருந்தது.

"உங்க விளம்பர வீடியோ எல்லாம் எங்க பார்க்கலாம்?" என்று கேட்டாள் விசாலாக்ஷி சாந்தமாக.

"அது... எதுக்கு?"

"எனக்கும் முட்டி வலி."

முரளிதரன் ஏற்கெனவே போனில் தட்டிக்கொண்டிருந்தான். பாதசுகா பக்கத்தில் மூன்று வீடியோக்கள். முதலாவது பன்னிரண்டு நாள் முன்னால் போட்டது. இதே கூடம், இதே நாற்காலி, நாற்காலியில் கமலம்மாள். முழங்கை வரை ரவிக்கை, கை சுத்தமாக இருக்கிறது. 'என் தாய்க்கே இதைத்தான் தருகிறேன்' என்று அபிஜித்தின் குரல் உருகுகிறது. இரண்டாவது, ஆறு நாள் கழித்து. கமலம்மாளுக்கு மணிக்கட்டு வரை இறங்கும் முழுக்கை ரவிக்கை, மைசூர் வெயிலில். மூன்றாவதில் அம்மாளை நடக்க வைத்திருக்கிறான். புடவையை முழங்காலுக்குக் கீழே வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டு, மெல்ல நடக்கிறார்.

"நிறுத்து," என்றாள் விசாலாக்ஷி. "காலைப் பெரிசு பண்ணு."

கணுக்காலுக்குக் கீழே கமலம்மாளின் சொந்த மாநிறம். கணுக்காலுக்கு மேலே வழவழவென்று வேறொரு சந்தன நிறம். அந்தப் பூச்சுக்கு அடியிலும் மறையாமல், கெண்டைக்காலில் கருநீலமாக உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கட்டு.

"ரத்தம் உள்ளுக்குள்ள கசிய ஆரம்பிச்சாச்சுன்னு உடம்பு நீலமா எழுதிக் காட்டியிருக்கு. பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்," என்றாள் விசாலாக்ஷி. "நீ என்ன பண்ணின? பெத்தவ கால்ல க்ரீம் பூசி, லைட்டைப் போட்டு, நடக்க விட்டுப் படம் பிடிச்சிருக்க."

"வயசானவங்க மேடம், எங்கேயாவது இடிச்சுக்கிட்டிருப்பாங்க," என்றான் அபிஜித். குரல் கொஞ்சம் கீறியது. "லேபிளைக் கிழிச்சது அவதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சென்னம்மாவா கிழிச்சா?"

"ஆமா."

"எதுக்கு?"

"அந்த எச்சரிக்கை தெரியக் கூடாதுன்னுதான்."

"யாருக்குத் தெரியக் கூடாது?"

அபிஜித் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினான். விசாலாக்ஷி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சென்னம்மாவுக்கு எழுத்தே தெரியாது," என்றாள் விசாலாக்ஷி. "அந்த பாட்டில்ல எச்சரிக்கை இருக்குன்னே அவளுக்குத் தெரிய வழியில்ல. லேபிளைப் பார்த்து அவ பயப்பட வேண்டியதும் இல்ல, கிழிக்க வேண்டியதும் இல்ல. இந்த வீட்டுல எதையும் படிக்காம உடம்புல படவிடாத ஒரே ஆள் உங்க அம்மா. அவங்க கண்ணுலேர்ந்து அந்த ஒரு வரியை மறைக்கணும்னா, அதை அச்சடிச்சவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கும், அது அங்க இருக்குன்னு."

கராஜில் டேப் கிழிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"பத்து நாள்தானே மேடம்," என்றான் அபிஜித் கடைசியில். "வெளியிலதானே தடவினோம். இவ்வளவு ஆகும்னு யார் கண்டாங்க? அம்மா நடக்கற மாதிரி ஒரு வீடியோ இருந்தா ஜனங்க நம்புவாங்க. அவ்வளவுதான் நினைச்சேன்."

"டாக்டர் மூணு தடவை கேட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருந்தா?"

"சொன்னா பிராண்டு போயிடுமே."

அதைச் சொல்லும்போது அவனுக்குக் கூச்சம்கூட இல்லை. உண்மையாகவே, புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துத்தான் சொன்னான். விசாலாக்ஷிக்கு அந்தச் சோபாவிலிருந்து எழுந்து கை கழுவ வேண்டும் போல இருந்தது. முரளிதரன் எழுந்தே விட்டான்.

"பதினெட்டு வருஷம் மருந்து வித்தவன் சார் நானு," என்றான். "எங்க ஆளுங்களும் எவ்வளவோ பொய் சொல்வாங்க. ஆனா அம்மாவை யாரும் சாம்பிளா குடுத்ததில்ல. தூ!"

நான்கு மணிக்கு அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அபிஜித்தின் கார் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. டாக்டர் சௌம்யா ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வந்து, எண் நான்கரைக்கு இறங்கிவிட்டது, கசிவு நின்றிருக்கிறது, ஐந்து நிமிஷம் பேசலாம் என்றார். சென்னம்மா நடைபாதைச் சுவரோரம் கையை முந்தானையில் சுற்றியபடியே நின்றிருந்தாள்.

"வீடியோ இருக்கு, பாட்டில் இருக்கு, கவலை எதுக்கு மேடம்?" என்றான் முரளிதரன் தணிந்த குரலில்.

"அம்மா இருக்காங்களே," என்றாள் விசாலாக்ஷி. "நானே கேட்டு வாங்கித் தடவிக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவன் வெளியே வந்துடுவான். இல்ல, சென்னம்மா எடுத்தான்னு சொன்னா அவ உள்ளே போயிடுவா. பெத்த மனசு முரளி. எத்தனை கேஸ்ல பார்த்திருக்கேன்."

உள்ளே அதுதான் நடந்துகொண்டிருந்தது. அபிஜித் கட்டில் மேல் கவிழ்ந்து அம்மாவின் காதருகே பேசிக்கொண்டிருந்தான். "அம்மா, நீயே எடுத்துக்கிட்டேன்னு சொல்லிடு. இல்லைன்னா சென்னம்மா எடுத்தான்னு சொல்லு. ஒரே வரிம்மா. என் லைஃபே இதுல இருக்கு." சப் இன்ஸ்பெக்டர் பசவராஜ் அவனைத் தோளில் தொட்டு நகர்த்திவிட்டு, நோட்டைப் பிரித்தார். தைலத்தைக் கொடுத்தது யார் என்று கன்னடத்தில் நிதானமாகக் கேட்டார்.

கமலம்மாள் வெளிறிப் போயிருந்தார். ஆனால் பார்வை தெளிவாக இருந்தது. மகனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கட்டியது, விழவில்லை. பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுவரோரம் நின்ற சென்னம்மாவைப் பார்த்தார்.

"அவளை உள்ள கூப்பிடுங்கோ," என்றார்.

சென்னம்மா வந்து கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றாள். கமலம்மாள் கையை நீட்டினார். சென்னம்மா தன் கையைக் கொடுக்க மறுத்துத் தலையை ஆட்டினாள். கமலம்மாள் நீட்டிய கையை எடுக்கவே இல்லை. கடைசியில் சென்னம்மா முந்தானையை விலக்கி, பயந்து பயந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"தைலம் கொடுத்தது என் பிள்ளை," என்று கமலம்மாள் சொன்னார், முதலில் தமிழில், பிறகு அதையே கன்னடத்தில். "லேபிள் எங்கேன்னு கேட்டேன், சாம்பிள்னு சொன்னான். கால் நீலமாறதுன்னு சொன்னேன், க்ரீம் பூசினான். வயித்தை வலிக்கறதுன்னேன், இன்னும் ஒரே ஒரு தடவை நடந்து காட்டு, அப்புறம் படுத்துக்கோன்னான். இவ பேர்ல எந்தத் தப்பும் இல்ல. எழுதிக்குங்கோ."

"அம்மா!" என்றான் அபிஜித்.

பசவராஜ் எழுதினார். எழுதி முடித்து, மகனுடைய முழுப் பெயர் என்ன அம்மா, என்றார்.

"அபிஜித்."

"இனிஷியல்?"

கமலம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். சென்னம்மாவின் கையை மட்டும் விடவில்லை.

"இனிஷியல் வேண்டாம்," என்றார். "அது அவங்க அப்பா பேரு. அவர் நல்ல மனுஷர்."